நாலரை நட்சத்திரம் தந்தவர் யார்?

எரிபொருள் தட்டுப்பாட்டின் நடுவே 2022 ஜூலையில் இலங்கையில் எரிபொருளுக்கு க்யூஆர் முறை வந்தபோது ஒன்பது வகை வாகனங்களுக்கு வாராந்த அளவு அறிவிக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கும் வேனுக்கும் 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50, உழவு இயந்திரம் போன்ற நில வாகனங்களுக்கு 15. விசேட தேவை வாகனமும் குவாட்ரிசைக்கிளும் மற்ற இரண்டு. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், வஸ்கமுவ தேசிய பூங்காவை ஒட்டியிருக்கும் வில்கமுவ போன்ற நெற்செய்கைப் பிரதேசத்தில் கண் பதியும் இலக்கம் அந்த 15தான். சிறுபோக அறுவடை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. பம்படியில் க்யூஆர் வாசிக்கப்படாமல் போனாலோ மீதி அளவு பிழையாகக் காட்டினாலோ அன்றைக்கு வயல் வேலை நின்றுவிடும். போய் முறையிடுவதற்குப் பக்கத்தில் எந்த மென்பொருள் கம்பனியும் கிடையாது.

இப்படிப்பட்ட ஒரு மென்பொருள் மக்கள் கைக்குப் போகுமுன் அதை எல்லாப் பக்கமும் தட்டிப் பார்க்கிறவர்களைத்தான் கியூஏ என்கிறோம். அவர்கள் எதைத் தட்டிப் பார்த்தார்கள், எது தேறியது, எது தேறவில்லை என்று கணக்கு வைப்பதற்கென்றே தனியான கருவிகள் உண்டு. டெஸ்ட்ரெயில், எக்ஸ்ரே, ஸெஃபிர், டெஸ்ட்லிங்க், கிவி டிசிஎம்எஸ் என்று பட்டியல் நீளும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வேலை செய்கிற தமிழ் இளைஞர்களிடம் கம்பனி இந்தப் பொறுப்பை அடிக்கடி தருகிறது: நாலைந்து கருவிகளை ஒப்பிட்டு ஒன்றைச் சொல்லுங்கள். உடனே எல்லோரும் செய்வது, பயனர்கள் எழுதிய மதிப்புரைகளைத் திறந்து நட்சத்திரங்களைப் பார்ப்பது. அந்த மதிப்புரைகள் பயனுள்ளவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவற்றை வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதைப் பொறுமையாக விளக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் கருவி எதற்கு என்பதைப் பார்ப்போம். க்யூஆர் முறையின் விதிகளையே உதாரணமாக எடுக்கிறேன். இங்கே வரும் சோதனைகள் அந்தத் திட்டத்தின் உள் ஆவணங்கள் அல்ல. விதியை வாசித்த எவரும் எழுதக்கூடியவை.

ஒரு மோட்டார் சைக்கிள்காரருக்கு வார அளவு 4 லீற்றர். ஏற்கெனவே 2.5 லீற்றர் அடித்துவிட்டார். இப்போது பம்ப் ஊழியர் 1.6 என்று பதிகிறார். என்ன நடக்க வேண்டும்? மென்பொருள் மறுக்க வேண்டும், மீதி 1.5 லீற்றர் என்று காட்ட வேண்டும். அவர் தெரிவு செய்த மொழியில் காட்ட வேண்டும். மறுத்த பதிவால் மீதியில் ஒரு துளியும் குறைந்திருக்கக் கூடாது. முன்நிலை, செய்ய வேண்டியது, எதிர்பார்க்கும் விளைவு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு டெஸ்ட் கேஸ். எல்லைக்குக் கொஞ்சம் கீழே, சரியாக எல்லையில், கொஞ்சம் மேலே என்று ஒவ்வொரு அளவுக்கும் மூன்று சோதனை வேண்டும். ஒன்பது வகை வாகனம், மூன்று எல்லைச் சோதனை, சிங்களம் தமிழ் ஆங்கிலம் என மூன்று மொழி. பெருக்கினால் 81. இது ஒரே ஒரு விதிக்கு.

இன்னும் எத்தனையோ மிச்சம் இருக்கின்றன. வாரம் புரளும் நள்ளிரவில் பாதி பதிவு நடந்துகொண்டிருந்தால் எந்த வாரத்தில் கழியும்? ஒரே க்யூஆரின் போட்டோவை இரண்டு நிலையங்களில் ஒரே நேரத்தில் நீட்டினால்? பதிவின்போது வாகன இலக்கமும் சேசி இலக்கமும் கேட்கப்பட்டன. சேசி இலக்கம் தேய்ந்துபோன பழைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்திருப்பவர் எந்தப் பெட்டியில் எதை எழுதுவார்? ஸ்மார்ட் போன் இல்லாதவர் அச்சடித்துக் கொண்டுவந்த தாள் நனைந்திருந்தால்? சிக்னல் அறுந்துபோன இடத்தில் பதிந்தது சேர்ந்ததா இல்லையா என்று பம்ப் ஊழியருக்கு எப்படித் தெரியும்? வில்கமுவவை மனதில் வைத்து யோசிக்கிற சோதனையாளருக்கு இவையெல்லாம் தோன்றும். கொழும்பு அலுவலகத்தின் நல்ல வைஃபைக்குள் மட்டும் யோசிக்கிறவருக்குத் தோன்றாமல் போகலாம். கருவி யோசனையைத் தராது. தோன்றியதை இழக்காமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை.

ஆரம்பத்தில் எல்லோரும் எக்செல்லில்தான் தொடங்குகிறார்கள். 81 வரி, பக்கத்தில் தேறியது, தேறவில்லை என்று ஒரு பத்தி. முதல் நாள் அழகாக இருக்கும். மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் அதே 81ஐ மீண்டும் ஓட்ட வேண்டும். புதிய பத்தி போடுவதா, புதிய தாள் போடுவதா? இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் யாருடையது நிற்கும்? போன பதிப்பில் தேறிய ஒன்று இந்தப் பதிப்பில் விழுந்தால், அதற்குப் பதிந்த பக் (பிழைப் பதிவு) எது, அது திருத்தப்பட்டதா, திருத்தியபின் மறுபடி ஓட்டியவர் யார்? விதி மாறி 4 லீற்றர் வேறொரு அளவாகும்போது எந்தெந்த வரியைத் திருத்த வேண்டும்? நான்கைந்து பதிப்புகளுக்குள் எக்செல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் நின்றுவிடும். ஒரு டெஸ்ட் கேஸை ஒரு தடவை எழுதி வைத்து, ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக ஓட்டி, விழுந்ததை பக்குடன் இணைத்து, யார் எப்போது என்ற வரலாற்றைக் காப்பதற்குத்தான் இந்தக் கருவிகள்.

இனி மதிப்புரைகளுக்கு வருவோம். ஒரு மதிப்புரையை வாசிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது எந்தப் பொருளைப் பற்றியது என்பதை. பார்க்க எளிய கேள்வி. ஆனால் இந்தத் துறையில் பொருட்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மெர்குரி இன்டராக்டிவ் கம்பனி செய்த டெஸ்ட்டிரெக்டர், குவாலிட்டி சென்டர் என்று பெயர் மாறியது. 2006இல் எச்பி அந்தக் கம்பனியை ஏறத்தாழ 450 கோடி டொலருக்கு வாங்கியது. பெயர் ஏஎல்எம் ஆனது. 2017இல் மைக்ரோ ஃபோக்கஸிடம் போனது. 2023 ஜனவரியில் மைக்ரோ ஃபோக்கஸையே ஓப்பன்டெக்ஸ்ட் வாங்கியது. பல ஆண்டுகளாக இந்தக் கருவி இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியை நம்பியிருந்ததைப் பற்றிப் பயனர்கள் சலித்து எழுதினார்கள். மைக்ரோசொஃப்ட் அந்த உலாவியின் கடைசிப் பதிப்பை 2022 ஜூனில் நிறுத்தியே விட்டது. அந்தச் சலிப்பு எழுதப்பட்டபோது உண்மை. அது இன்றைய பொருளைப் பற்றிய செய்தியா என்பதைத் திகதி பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸெஃபிர் இன்னும் சிக்கலானது. 2018இல் ஸ்மார்ட்பெயர் ஸெஃபிரை வாங்கியது. பக்குகளையும் வேலைகளையும் பதிந்து பின்தொடரும் ஜிரா என்ற மென்பொருளுக்கான இன்னொரு சோதனைக் கருவி அடாப்டவிஸ்ட் என்ற கம்பனியிடம் இருந்தது. டிஎம்4ஜே என்பது அதன் பெயர். 2020இல் ஸ்மார்ட்பெயர் அதையும் வாங்கி ஸெஃபிர் ஸ்கேல் என்று பெயர் வைத்தது. முன்பே இருந்தது ஸெஃபிர் ஸ்குவாட் ஆனது. இரண்டும் உள்ளே வேறு வேறு கட்டமைப்புக் கொண்டவை. ஸ்குவாட் ஒவ்வொரு டெஸ்ட் கேஸையும் ஜிராவின் ஓர் இஷ்யூவாகவே, அதாவது பக்கைப் போன்ற ஒரு பதிவாகவே வைக்கிறது. ஸ்கேல் தன் சொந்தச் சேமிப்பில் வைக்கிறது. ஸெஃபிர் மெதுவாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தால், எந்த ஸெஃபிர் என்று தெரியாமல் அந்த வரியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

டெஸ்ட்ரெயிலை ஜெர்மனியின் கூரொக் கம்பனி செய்தது. 2018இல் அமெரிக்காவின் ஐடெரா வாங்கியது. எக்ஸ்ரே போர்த்துக்கலில் பிறந்தது. அதையும் 2021இல் ஐடெராவே வாங்கியது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடுகிறவர் பலருக்கு இரண்டின் உரிமையாளரும் ஒருவரே என்பது தெரியாது. தெரிந்திருந்தால் விலை பேசும்போது உதவும்.

இன்னுமொரு திகதியையும் கையோடு வைத்திருங்கள். ஜிராவை வாடிக்கையாளர் தன் சொந்த சேர்வரில் ஓட்டும் ‘சேர்வர்’ பதிப்பின் புதிய விற்பனையை, அதைத் தயாரிக்கும் அட்லாசியன் கம்பனி 2021 பெப்ரவரியில் நிறுத்தியது. ஆதரவை 2024 பெப்ரவரியில் முடித்தது. ஜிராவுக்குள் உட்காரும் எல்லாக் கருவிகளின் பழைய மதிப்புரைகளிலும் இந்த சேர்வர் பதிப்பு நிறைந்திருக்கிறது. அட்லாசியனே இணையத்தில் ஓட்டும் கிளவுட் பதிப்பில் அதிலிருந்த சில வசதிகள் இல்லாமல் இருக்கலாம். சேர்வரில் இல்லாத சில இருக்கவும் கூடும். ஆண்டு பார்க்காமல் சராசரி பார்ப்பது இரண்டு வேறு பொருட்களின் மதிப்பெண்ணைக் கூட்டி இரண்டால் வகுப்பது போன்றது.

இரண்டாவது கேள்வி, எழுதியவர் யார். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

ஒரே கம்பனிக்குள் ஒரே கருவியை நான்கு பேர் நான்கு விதமாகத் தொடுகிறார்கள். முகாமையாளர் வாரத்துக்கு ஒரு தடவை திறந்து, எத்தனை தேறியது எத்தனை விழுந்தது என்ற வரைபடத்தைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தது அறிக்கை. அவர் தரும் ஐந்து நட்சத்திரம் அறிக்கைக்கு. சோதனையாளர் நாள் முழுக்க அதற்குள் இருப்பவர். ஒரு படியை எழுத எத்தனை கிளிக், ஒரே மாதிரியான 27 கேஸைப் பிரதி எடுத்து மொழியை மட்டும் மாற்ற முடியுமா, ஓட்டிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையாலேயே தேறியது என்று குறித்து அடுத்ததற்குப் போக முடியுமா என்பவைதான் அவர் பார்ப்பது. சோதனைகளைத் தானாக ஓட்டும் ஓட்டோமேஷன் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் திரையையே திறக்கமாட்டார். தன் ஸ்கிரிப்டின் விளைவுகளை ஏபிஐ வழியாக அனுப்பினால் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பது மட்டும் அவர் கவலை. நிர்வாகி, அனுமதிகளோடும் மேம்படுத்தல்களோடும் போராடுபவர். கோபமான மதிப்புரைகளில் பல அவர் எழுதியவை. நால்வரின் நட்சத்திரங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வரும் இலக்கம் அவர்களில் எவருடைய கருத்தும் அல்ல.

எக்ஸ்ரே பற்றி வாசிக்கும்போது இது தெளிவாகத் தெரியும். ஒரு பக்கம், பயன்படுத்தச் சுலபம் என்கிறார்கள். இன்னொரு பக்கம், பழகக் கஷ்டம் என்கிறார்கள். இரண்டும் உண்மை. எக்ஸ்ரேயில் டெஸ்ட் கேஸ், டெஸ்ட் தொகுப்பு, ஓட்டம் எல்லாமே ஜிராவின் இஷ்யூக்கள். ஜிராவில் ஊறிய ஒருவருக்கு அதே தேடல், அதே அனுமதி, அதே திரை. புதிதாகப் பழக அதிகம் இல்லை. ஒரு தேவையிலிருந்து டெஸ்ட் கேஸுக்கும் அங்கிருந்து பக்குக்கும் இழை பிடித்துப் போகலாம். பலர் புகழ்வது இதைத்தான். ஜிராவையே இன்று முதல்முறை பார்க்கிறவருக்கு இஷ்யூ வகைகள் ஐந்தாறும் ஒரே மாதிரித் தெரிந்து தலை சுற்றும். ஆயிரக்கணக்கில் டெஸ்ட் கேஸ் சேர்ந்தால் டெவலப்பர்களின் தேடலில் அவையும் வந்து நிற்கும். டெஸ்ட்ரெயில் தனியான செயலி; திறந்த அன்றே வேலை தொடங்கலாம் என்று பலர் சொல்வதற்கும், ஜிராவுக்கும் அதற்கும் இடையே தாவிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று வேறு சிலர் குறைப்படுவதற்கும் ஒரே காரணம்தான்.

கம்பனியின் அளவும் அப்படியே. மாலபேயில் வளர்ந்த மிலேனியம்ஐடி என்ற மென்பொருள் கம்பனியை 2009இல் லண்டன் பங்குச் சந்தைக் குழுமம் வாங்கியது. 2011 பெப்ரவரியில் லண்டன் சந்தை அந்தக் கம்பனியின் வர்த்தக மென்பொருளுக்கு மாறியது. ஒரு பங்குச் சந்தையை ஓட்டும் மென்பொருளைச் சோதிக்கிற குழுவுக்கு யார் எந்தக் கேஸை எப்போது மாற்றினார் என்ற தணிக்கைத் தடம் உயிர்நாடி. அதற்காகக் கனமான கருவியைச் சுமப்பதில் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு கம்பனிக்கு அதே கனம் கழுத்தில் கட்டிய கல். பெரிய வங்கியின் சோதனைத் தலைவர் தந்த ஐந்து நட்சத்திரத்தை வைத்து அந்த ஆறு பேர் முடிவெடுக்கக் கூடாது. ஆறு பேரின் சலிப்பை வைத்து வங்கியும் முடிவெடுக்கக் கூடாது.

விலை பற்றிய கருத்துகளை இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும். ஜிராவுக்குள் உட்காரும் கருவிகளுக்கு, அதாவது எக்ஸ்ரேக்கும் ஸெஃபிருக்கும், உங்களிடம் எத்தனை சோதனையாளர் என்று பார்த்து விலை போடுவதில்லை. அந்த ஜிராவில் எத்தனை பயனர் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். டெவலப்பர், முகாமையாளர், உதவி மேசைக்காரர் எல்லோருமாக 100 பேர் ஜிராவில் இருந்து, சோதிக்கிறவர் 8 பேர் மட்டுமே என்றாலும் உரிமம் 100 பேருக்கு. தலைக்கு இவ்வளவு சென்ட் என்று பார்க்கும்போது மலிவாகத் தெரிந்தது இங்கே விலையேறிவிடும். டெஸ்ட்ரெயில் போன்ற தனிச் செயலியில் அதைப் பயன்படுத்துகிற 8 பேருக்குக் கட்டினால் போதும். தலைக்கு விலை பல மடங்கு என்றாலும் மொத்தம் குறையலாம். பத்துப் பேர் கொண்ட, எல்லோருமே சோதிக்கிற குழுவில் கணக்குத் தலைகீழாகும். ஆகவே மலிவு என்று எழுதியவரின் கம்பனியில் சோதிக்கிறவருக்கும் மற்றவருக்கும் என்ன விகிதம் என்று தெரியாமல் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இலங்கையில் இருக்கிறவருக்கு இன்னொன்றும் உண்டு. 2022 மார்ச் தொடக்கம்வரை ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேலே நின்றது. மே நடுப்பகுதியில் 360 அளவுக்குப் போய்விட்டது. மாதம் 100 டொலர் சந்தா, ஒரு வசதியும் கூடாமல், 20,000 ரூபாவிலிருந்து 36,000 ஆனது. வாடிக்கையாளர் டொலரில் கட்டும் கம்பனி அதைத் தாங்கியது. உள்நாட்டு அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்து ரூபாவில் வரவு காணும் கம்பனிக்கு அப்படித் தாங்க வழி இருக்கவில்லை. நியாயமான விலை என்று டெக்ஸாஸிலிருந்து ஒருவர் எழுதுவது அவருக்கு முழு உண்மை. அந்த வரி மாத்தளைக்குச் செல்லுபடியாகாது.

சராசரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கருவிக்கு 20 மதிப்புரை, சராசரி 4.4 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 88 நட்சத்திரம். இன்று காலை சந்தா விலை உயர்ந்த கோபத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு நட்சத்திரம் போட்டால் 22 பேருக்கு 90. சராசரி ஏறத்தாழ 4.1. கருவியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆகவே 4.4க்கும் 4.2க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒன்றைத் தள்ளி இன்னொன்றை எடுப்பதில் அர்த்தமே இல்லை. அதோடு, எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மிகவும் மகிழ்ந்தவர்களாகவோ மிகவும் நொந்தவர்களாகவோ இருக்கிறார்கள். பரவாயில்லை என்று நினைத்து வேலையைப் பார்க்கும் பெரும்பான்மை எழுதுவதே இல்லை. பலர் வாங்கிய புதிதில் எழுதுகிறார்கள். இந்தக் கருவிகளின் குணம் தெரியவருவது கேஸ்கள் சில ஆயிரமாகி, எழுதியவர்களில் பாதிப்பேர் வேலை மாறிப் போன பிறகுதான்.

சில மதிப்புரைகளுக்குப் பின்னால் பரிசு வவுச்சரும் உண்டு. வவுச்சர் வாங்கியவர் பொய் எழுதுகிறார் என்று நான் சொல்லவில்லை; யாரிடம் எழுதச் சொல்லிக் கேட்பது என்பதைக் கம்பனி தீர்மானிக்கிறது, திருப்தியான வாடிக்கையாளரைத்தான் அது கேட்கும் என்பதே விஷயம். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இணைய மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளுக்கு எதிரான விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை போலியைத் தடுக்கப் பார்க்கின்றன. நேர்மையாக எழுதப்பட்டு உங்களுக்குப் பொருந்தாத மதிப்புரையிலிருந்து எந்த விதியும் உங்களைக் காக்காது.

எழுதப்பட்டவற்றைவிட எழுதப்படாதவை பற்றியே எனக்குக் கவலை அதிகம். தமிழில் டெஸ்ட் கேஸ் எழுதினால் என்ன ஆகும் என்பதை நூறு மதிப்புரை வாசித்தாலும் காணமாட்டீர்கள். அந்த நூறு பேரும் தமிழில் எழுதியதில்லை. நமக்கோ அது தினசரி வேலை. திரையில் வரவேண்டிய தமிழ் வாசகத்தை எதிர்பார்க்கும் விளைவு என்ற பெட்டிக்குள் எழுத்துப் பிசகாமல் வைத்தால்தான், சிங்களத்தில் சரியாகவும் தமிழில் பாதி வெட்டுப்பட்டும் வரும் செய்தியைப் பிடிக்க முடியும்.

நடப்பது என்னவென்றால், அரச அலுவலகத்திலிருந்து வரும் தமிழ் மொழிபெயர்ப்பு இன்னும் சில வேளைகளில் பாமினி எழுத்துருவில் வருகிறது. வேர்டில் பார்க்கத் தமிழ். கருவிக்குள் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. அது கருவியின் குற்றமல்ல. யுனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். அடுத்தது சிஎஸ்வி. கருவியிலிருந்து தமிழ்க் கேஸ்களை சிஎஸ்வியாக இறக்கி எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால், கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 என்பதற்கான அடையாளம் இல்லாதபோது எழுத்தெல்லாம் சிதைந்து தெரியும். பதறாமல் மூடிவிட்டு, எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாக யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் சரியாகிவிடும். சிதைந்த நிலையிலேயே சேமித்து மறுபடி கருவிக்குள் ஏற்றிவிட்டால் தமிழ் போனது போனதுதான்.

மூன்றாவது இன்னும் நுணுக்கமானது. பெற்றோல் என்ற சொல்லில் வரும் றோவை எடுங்கள். அந்த ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னால் வரும் இரட்டைக் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு விசைப்பலகை ஒரு விதமாகத் தரும், இன்னொன்று மற்ற விதமாகத் தரும். இரண்டையும் சமமாக்கிக்கொள்ளாத தேடலில், ஒருவர் எழுதிய பெற்றோலை மற்றவர் தேடினால் கிடைக்காது. இல்லை என்று நினைத்து அவர் அதே கேஸை மறுபடி எழுதுவார். ஒரு கருவி இதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். நட்சத்திரங்களிலிருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இவ்வளவு சொன்னபின் மதிப்புரைகளை என்ன செய்வது? என் பதில், அவற்றிலிருந்து மதிப்பெண்ணை எடுக்காமல் குறைகளை எடுப்பது. குறை சொல்கிறவர் பெரும்பாலும் குறிப்பாகச் சொல்கிறார். ஆயிரம் கேஸுக்கு மேல் கோப்புறை மரம் திறக்க நேரமாகிறது, ஒரே நேரத்தில் பல கேஸைத் திருத்த முடியவில்லை, அறிக்கையில் எனக்கு வேண்டிய பத்தியைச் சேர்க்க முடியவில்லை, இறக்கிய கோப்பில் படங்கள் வரவில்லை. இப்படி ஒவ்வொன்றையும் ஒரு டெஸ்ட் கேஸாக மாற்றுங்கள். நாம் சோதிக்கிற ஆட்கள்தானே, கருவியையும் சோதிப்போம். விற்கும் கம்பனிகள் பெரும்பாலும் சில வாரம் இலவசமாகப் பார்க்கத் தருகின்றன. அந்த நாட்களில் விற்பவர் காட்டும் மாதிரித் திட்டத்தைத் தொடாமல் உங்கள் சொந்த 81ஐ ஏற்றுங்கள். இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து ஓட்டுங்கள். ஒருவர் போன் ஹொட்ஸ்பொட்டில் இருக்கட்டும். வார அளவு 4 என்பதை மாற்றி, எத்தனை கேஸைத் தொட வேண்டிவந்தது என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் வெளியே இறக்கி இன்னொரு கருவிக்குள் ஏற்றிப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். உரிமையாளர் இத்தனை தடவை மாறும் துறையில் வெளியேறும் கதவைப் பார்க்காமல் உள்ளே போவது சரியல்ல.

எதை எடுப்பது என்று கேட்பவருக்கு என் எண்ணத்தையும் சொல்கிறேன். இரண்டு மூன்று பேர், ஒரு சிறு மென்பொருள் என்றால் ஒழுங்காகப் பராமரித்த கூகுள் ஷீட் சிறிது காலத்துக்குப் போதும். அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. சேர்வர் பார்க்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்து, டொலர் கட்ட முடியாவிட்டால் திறந்த மூலக் கருவிகள் உண்டு. டெஸ்ட்லிங்க் நெடுங்காலமாக ஓடுகிறது. தோற்றம் பழையது என்ற குறை நியாயமானது, ஆனால் வேலை நடக்கும். ரெட்ஹேட் கம்பனிக்குள் நைட்ரேட் என்ற பெயரில் தொடங்கியதிலிருந்து கிளைத்த கிவி டிசிஎம்எஸ் அதைவிடப் புதுமையானது. நான் புதிதாகத் தொடங்கினால் அதைத்தான் முதலில் நிறுவிப் பார்ப்பேன். இலவசம் என்றாலும் காப்புப் பிரதி எடுப்பதும் மேம்படுத்துவதும் உங்கள் தலையில் என்பதை மறக்கக் கூடாது. ஜிராவிலேயே வாழ்கிற குழு, அதில் பெரும்பகுதி சோதிக்கிறவர் என்றால் எக்ஸ்ரே அல்லது ஸெஃபிர் ஸ்கேல். ஜிராவில் நூறு பேர், சோதிப்பவர் சிலர் என்றால் தனிச் செயலி. கண்டிப்பான தணிக்கை கேட்கிற வங்கியோ மருத்துவக் கருவி செய்கிறவரோ கனமான கருவியின் விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

அரச மென்பொருள்களைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரதேச செயலகத்தில் தொடங்கி வைத்தியசாலைவரை இனி எல்லாம் திரை வழியாகத்தான் வரப்போகிறது. அவற்றைச் செய்கிற கம்பனி மாறலாம்; அது பயன்படுத்திய கருவியின் சந்தா முடிந்துபோகலாம். அப்போது டெஸ்ட் கேஸ்களும் ஓட்ட வரலாறும் கம்பனியோடு போய்விட்டால், அடுத்து வருகிறவர் வெறும் கையோடு தொடங்குவார். முன்பு பிடித்த பிழையெல்லாம் மறுபடி மக்கள் தலையில் விடியும். ஒப்பந்தத்தில் மூலநிரலைக் கேட்பது போலவே டெஸ்ட் கேஸ்களையும் கேட்க வேண்டும். எந்தக் கருவியிலும் ஏற்றக்கூடிய திறந்த வடிவத்தில் கேட்க வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனி ஓட்டப் பதிவு கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் தேறியதை மற்ற இரண்டுக்கும் சேர்த்துத் தேறியதாகக் குறிக்க இடம் தரக் கூடாது. ஒப்படைக்கும் நாளில் அந்தக் கோப்பைத் திறந்து, தமிழ் வரிகள் வாசிக்கக்கூடியவையாக இருக்கின்றனவா என்று தமிழ் தெரிந்த ஓர் அலுவலர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.